கூலியும் கூடையும்: நாடுகளின் வாழ்க்கைச் செலவை ஒப்பிட்ட வரலாறு

ஒருவர் உழைத்துக் கையில் பெறும் தொகை பண ஊதியம். அந்தத் தொகைக்கு அவர் வாழும் ஊரில் எவ்வளவு தானியம், துணி, எரிபொருள், வீட்டு வசதி கிடைக்கிறதோ அது மெய் ஊதியம். இந்த வேறுபாடு பாடநூலில் இரண்டே வரிகளில் முடிந்துவிடும். ஆனால் வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளையின் சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்து வியக்காத வீடு நம்மிடையே குறைவு. அங்கே வீட்டு வாடகை என்ன, பேருந்துக் கட்டணம் என்ன, முடிவெட்ட எவ்வளவு என்று கேட்பவர்கள் அதைவிடக் குறைவு. இரண்டு நாட்டுக் கூலிகளை எப்படி ஒப்பிடுவது என்ற கேள்வியை வணிகர்களும் அரசுகளும் தொழிற்சாலை முதலாளிகளும் பல நூற்றாண்டுகளாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். அவரவர் தேவைக்கேற்ப விடையும் மாறியிருக்கிறது.

விலையும் கூலியும் ஒரே கல்வெட்டில்

பழங்காலத்தில் விலைகளையும் கூலிகளையும் ஒருசேரக் காட்டும் சான்றுகள் மிகச் சில. அவற்றுள் முதன்மையானது உரோமப் பேரரசர் டயோக்கிளீசியன் கி.பி. 301இல் பிறப்பித்த உச்சவிலை ஆணை. பண்டங்களுக்கும் வேலைகளுக்கும் இதற்கு மேல் வாங்கக் கூடாது என்று அது எல்லை விதித்தது. உழவுத் தொழிலாளிக்கு உணவுடன் நாளொன்றுக்கு 25 தெனாரி, தச்சருக்கு உணவுடன் 50 தெனாரி. படையினர் பயன்படுத்திய பெரிய முகத்தலளவையில் ஓர் அளவு கோதுமை 100 தெனாரி. அதாவது, உழவுத் தொழிலாளியின் நான்கு நாள் கூலி அந்த ஓர் அளவு கோதுமைக்குச் சரியாகும்.

எழுத்தறிவிக்கும் ஆசிரியருக்கு மாணவர் ஒருவருக்கு மாதம் 50 தெனாரி என்றும் அந்த ஆணையில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினைந்து மாணவர்கள் இருந்தால்தான் அந்த ஆசிரியர் முப்பது நாள் உழைத்த உழவுத் தொழிலாளியின் பணக் கூலியை எட்டுவார். அப்போதும் தொழிலாளிக்குச் சோறு தனி. ஆணை நெடுநாள் செயல்படவில்லை. பண்டங்கள் கடைகளிலிருந்து மறைந்தன என்று அக்காலக் கிறித்தவ எழுத்தாளர் லாக்டான்டியஸ் குறை கூறுகிறார். அவர் அப்பேரரசரின் பகைவர் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நெசவாளரின் கூலி குறைவா?

நாடுகளுக்கு இடையிலான கூலி ஒப்பீடு அரசியலாக மாறியது பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில். சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் குசராத்திலிருந்தும் சென்ற பருத்தித் துணிகள் இலண்டன் சந்தையை நிறைத்தன. ஆங்கிலேயக் கம்பளி, பட்டு நெசவாளர்கள் பதறினர். இந்தியாவில் கூலி மிக மலிவு, அதோடு போட்டியிட எங்களால் முடியாது என்பது அவர்களின் முறையீடு. 1700இல் அச்சிட்ட இந்தியத் துணிகளை உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு இறக்குமதி செய்யத் தடை வந்தது. 1719இல் இலண்டன் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பகுதி நெசவாளர்கள் கலகம் செய்து, தெருவில் சென்ற பெண்கள் அணிந்திருந்த பருத்தி ஆடைகளைக் கிழித்தெறிந்தனர். 1721இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதற்கே பெரும்பாலும் தடை விதிக்கப்பட்டது.

இந்திய நெசவாளரின் கூலி வெள்ளிக் கணக்கில் குறைவு என்பது உண்மை. ஸ்டீபன் பிராட்பெரி, பிஷ்ணுப்பிரியா குப்தா இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1600ஐ ஒட்டிய காலத்தில் இந்தியத் தொழிலாளியின் வெள்ளிக் கூலி இங்கிலாந்துத் தொழிலாளியின் கூலியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் வெள்ளியைத் தின்ன முடியாது. அக்பர் காலத்து நிருவாக விவரங்களை அபுல் பசல் தொகுத்த ஆயினி அக்பரி நூலில், சாதாரணத் தொழிலாளிக்கு நாள் கூலி 2 தாம் என்றும், ஒரு மணங்கு கோதுமை 12 தாம் என்றும் குறிக்கப்பட்டுள்ளது. அக்கால மணங்கு ஏறத்தாழ 25 கிலோ. ஆகவே ஒரு நாள் கூலிக்கு நான்கு கிலோவுக்குச் சற்று மேல் கோதுமை கிடைத்திருக்கும். இவை அரண்மனைப் பணிகளுக்கான விகிதங்கள் என்பதால் நாடு முழுமைக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. இருந்தாலும் வெள்ளிக் கணக்கு காட்டும் பள்ளம் தானியக் கணக்கில் பெரிதும் தூர்ந்துவிடுகிறது.

தென்னிந்தியாவுக்கு இந்தக் கணக்கைப் போட்டவர் வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி. பதினெட்டாம் நூற்றாண்டின் தென்னிந்திய நெசவாளர் தம் வருமானத்தைக் கொண்டு வாங்கக்கூடிய தானியம், பிரித்தானிய நெசவாளர் வாங்கக்கூடியதற்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருந்தது என்று 1998இல் எழுதினார். துணி மலிவாக இருந்ததற்கு நெசவாளரின் வறுமை காரணமன்று. நெல் மலிவாக விளைந்ததே காரணம் என்பது அவர் வாதம். ஆற்றுப் பாசன நிலங்களின் விளைச்சல் உயர்ந்திருந்ததால் சோறு மலிவு. சோறு மலிவானதால் குறைந்த பணக் கூலியிலும் வாழ முடிந்தது.

இன்னொன்றையும் அவர் சுட்டுகிறார். வணிகரிடம் முன்பணம் வாங்கிய நெசவாளர், வேண்டாம் என்று தோன்றினால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வணிகரிடம் போக முடிந்தது. நூல் விலை ஏறினால் துணியின் தரத்தைச் சற்றுக் குறைத்துச் சரிக்கட்டவும் முடிந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி அதிகாரம் பெற்ற பிறகு இந்த உரிமைகள் ஒவ்வொன்றாகப் பறிபோயின. வருமானத்தின் அளவை மட்டும் பார்த்தால் இந்த மாற்றம் கண்ணில் படாது.

இக்கருத்தை எல்லோரும் ஏற்கவில்லை. தானியக் கணக்கிலும் இந்தியா பதினெட்டாம் நூற்றாண்டுக்குள் பின்தங்கிவிட்டது என்று பிராட்பெரியும் குப்தாவும் மறுக்கின்றனர். ராபர்ட் ஆலன் என்னும் பொருளாதார வரலாற்றாசிரியரும் அக்பர் காலத்துக்குப் பின் இந்தியக் கூலியின் வாங்கும் திறன் சரிந்தது என்றே கூறுகிறார். எனக்குப் பார்த்தசாரதியின் கேள்வி அவரது விடையைவிட முக்கியமாகப் படுகிறது. இந்தியர் என்றுமே ஏழைகள், ஆகவேதான் மலிவாக நெய்தார்கள் என்ற எண்ணத்தைப் பள்ளியில் நானும் கேள்வி கேட்காமல் படித்தேன். சில ஆண்டுகள் அப்படியே நடத்தவும் செய்தேன்.

நெல்லில் கூலியை அளப்பது ஆய்வாளர்களின் கற்பனை அன்று என்பதைத் தஞ்சை வட்டாரத்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் சிறுவனாக இருந்த காலத்தில் அறுவடைக் கூலி களத்திலேயே மரக்காலால் அளக்கப்பட்டது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து இறந்த கொடுமைக்கு முன், கூலித் தகராறில் தொழிலாளர் கேட்டது கூடுதலாக அரைப்படி நெல்.

நிலமும் நிலக்கரியும்

மலிவான சோற்றுக்குப் பின்னால் ஆறும் வண்டலும் இருந்தது போல, வேறு நாடுகளின் கூலிக்குப் பின்னாலும் ஏதோ ஓர் இயற்கை வளம் இருந்தது. ஆடம் சுமித் 1776இல் வெளியிட்ட நூலில், இலண்டனில் சாதாரணத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 18 பென்சு என்றும், நியூயார்க்கில் ஆங்கிலப் பணத்தில் 2 சில்லிங், அதாவது 24 பென்சு என்றும் கணக்குக் காட்டுகிறார். கூலி கூடுதலாக இருந்த அமெரிக்காவில் உணவு விலை குறைவாகவும் இருந்தது. நிலம் ஏராளம், உழைக்க ஆள் இல்லை. அந்த நிலம் யாரிடமிருந்து பறிக்கப்பட்டது என்பது கூலிப் பட்டியலில் வராத செய்தி.

இங்கிலாந்தின் வளம் நிலக்கரி. இலண்டன் பெருகப் பெருகச் சுற்றியிருந்த காடுகளின் விறகு விலை ஏறியது. நியூகாசில் சுரங்கங்களிலிருந்து கப்பலில் வந்த கரி அந்த இடத்தைப் பிடித்தது. உயர்ந்த கூலியும் மலிவான எரிபொருளும் ஒரே நாட்டில் சேர்ந்ததால்தான், ஆளைக் குறைத்துக் கரியை எரிக்கும் இயந்திரங்கள் அங்கே முதலில் இலாபம் தந்தன என்று ஆலன் 2009இல் வாதிட்டார். கூலி குறைந்த நாட்டில் அதே இயந்திரத்தை வாங்கி வைப்பது நட்டக் கணக்கு. நீராவி இயந்திரம் ஏன் காவிரிக் கரையில் பிறக்கவில்லை என்று மாணவர்கள் கேட்டால் அறிவுக் குறைவைக் காரணம் காட்ட வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல விளக்கம்.

ஆனால் இங்கிலாந்தின் உயர்ந்த கூலி எவ்வளவு உயர்ந்தது? இலண்டன் கட்டடத் தொழிலாளரின் கூலி என்று எடுத்தாளப்பட்ட தொகைகளில் பல, ஒப்பந்தக்காரர் வேலை கொடுத்தவரிடம் வாங்கிய தொகைகள். தொழிலாளியின் கைக்கு வந்தது அதைவிட 20 முதல் 30 விழுக்காடு குறைவு என்று ஜூடி ஸ்டீபன்சன் 2018இல் காட்டினார். கணக்கெல்லாம் ஆண் ஒருவன் சம்பாதித்துக் குடும்பம் உண்டது என்ற எண்ணத்தில் போடப்பட்டது. நூல் நூற்ற பெண்களின் குறைந்த கூலியும் குழந்தைகளின் உழைப்பும் எங்கே போயின என்று ஜேன் ஹம்ஃப்ரீஸ் கேட்டார். இந்த இரண்டு கேள்விகளும் நம் நாட்டுக் கணக்குகளுக்கும் பொருந்தும்.

கரி தீர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சமும் வந்தது. 1865இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்சு எழுதிய 'நிலக்கரிச் சிக்கல்' என்ற நூல், இயந்திரங்கள் சிக்கனமானால் கரிச் செலவு குறையும் என்ற நம்பிக்கையை மறுத்தது. சிக்கனமான இயந்திரத்தை மேலும் பலர் வாங்குவார்கள், மொத்தச் செலவு கூடும் என்றார் அவர். பிரித்தானியக் கரி உற்பத்தி 1913இல் 28.7 கோடி டன்னை எட்டி உச்சம் தொட்டது. பிறகு அந்த அளவை எட்டவே இல்லை.

பெரிய ரொட்டி, சின்ன ரொட்டி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியத் தேர்தல் மேடைகளில் ரொட்டிப் படங்கள் தோன்றின. வெளிநாட்டுப் பண்டங்களுக்கு வரி போட வேண்டும் என்று ஜோசப் சேம்பர்லின் 1903இல் இயக்கம் தொடங்க, வரி போட்டால் ரொட்டி சின்னதாகிவிடும் என்று எதிர்த்தரப்பு சுவரொட்டி ஒட்டியது. வரி விதிக்கும் நாடுகளில் தொழிலாளி எப்படி வாழ்கிறான் என்று அறிய, அரசின் வணிக வாரியம் செருமனி, பிரான்சு, பெல்ஜியம், அமெரிக்கா ஆகிய நாடுகளின் நகரங்களில் கூலி, வாடகை, உணவு விலை ஆகியவற்றைத் திரட்டி 1908 முதல் 1911 வரை அறிக்கைகள் வெளியிட்டது. இங்கிலாந்தை 100 என்று கொண்டால் அமெரிக்காவில் வாரக் கூலி 230, வாடகை 207, உணவு விலை 138. செலவையெல்லாம் கழித்தாலும் அமெரிக்கத் தொழிலாளி முன்னால் நின்றார். வரி விதித்த செருமனியின் தொழிலாளியோ பின்தங்கியிருந்தார். இரண்டு கட்சியும் தமக்கு வேண்டிய நாட்டைக் காட்டிக்கொள்ள முடிந்தது.

அடுத்துக் கேட்டது ஃபோர்டு நிறுவனம். ஐரோப்பிய நகரங்களில் உள்ள தன் தொழிலாளர், டிட்ராயிட் தொழிலாளரைப் போல வாழ என்ன கூலி கொடுக்க வேண்டும் என்று 1929இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பை அது நாடியது. பாஸ்டன் வணிகர் எட்வர்ட் ஃபைலீன் செலவுக்குப் பணம் தந்தார். முதலில் டிட்ராயிட்டில் நாளுக்கு 7 டாலர் அளவில் சம்பாதித்த 100 தொழிலாளர் குடும்பங்களின் செலவு குறித்துக்கொள்ளப்பட்டது. ஏறக்குறைய பாதிக் குடும்பங்களிடம் கார் இருந்தது.

சிக்கல் அங்கேதான். பாரிசில் மிதிவண்டியிலோ டிராமிலோ வேலைக்குப் போகிறவருக்கு அந்தக் காரின் செலவையும் சேர்த்துக் கூலி கணக்கிடுவதா? ஒருவர் பழகிய உணவை வேறு ஊரில் வாங்கினால் அது எப்போதும் விலை கூடுதல்தான். நம் ஊர்க்காரர் பனிநாட்டில் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் தேடிப்போய் விலை கேட்டுத் திரும்புவதை நினைத்துப் பாருங்கள். டிட்ராயிட் கூடையை வைத்து அளந்தால் ஐரோப்பா செலவு மிக்கதாகத் தெரியும். ஐரோப்பியக் கூடையை வைத்து அளந்தால் டிட்ராயிட் அப்படித் தெரியும். அறிக்கை 1932இல் வெளிவந்தபோது பெருமந்தம் உலகைச் சூழ்ந்திருந்தது. டிட்ராயிட்டிலேயே அந்த 7 டாலர் கூலி நிலைக்கவில்லை.

உலகத்துக்கு ஒரே கூடை

இரண்டு கூடைகளுக்கும் நடுவே ஒரு வழி காணும் முயற்சி 1968இல் தொடங்கியது. ஐக்கிய நாடுகள் அவையின் புள்ளியியல் பிரிவும் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து பன்னாட்டு ஒப்பீட்டுத் திட்டத்தை உருவாக்கின. இர்விங் கிராவிஸ், ஆலன் ஹெஸ்டன், ராபர்ட் சம்மர்ஸ் ஆகியோர் இதன் முன்னோடிகள். முதல் கட்டத்தில் இந்தியா உட்படப் பத்து நாடுகள் சேர்க்கப்பட்டன. நாணய மாற்று விகிதப்படி பார்த்தால் 1970இல் இந்தியரின் சராசரி வருமானம் அமெரிக்கரின் வருமானத்தில் 2 விழுக்காடு. விலை வேறுபாட்டைக் கணக்கில் கொண்டால் 7 விழுக்காட்டை ஒட்டி வந்தது. முடிவெட்டுதல், துணி வெளுத்தல், பள்ளிக்கூடம் போன்ற பணிகள் எல்லை தாண்டி விற்கப்படுவதில்லை. ஏழை நாட்டில் அவை மலிவாகவே இருக்கின்றன. வேறுபாட்டின் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது. இவ்வாறு கணக்கிடுவதை வாங்கும் திறன் சமநிலை என்கிறோம்.

இக்கணக்கை உலக வங்கி 1990இல் எடுத்துக்கொண்டு நாளுக்கு ஒரு டாலர் என்ற வறுமைக் கோட்டை வரைந்தது. விலைகள் புதிதாகத் திரட்டப்படும்போதெல்லாம் கோடும் நகர்கிறது: 2015இல் 1.90 டாலர், 2022இல் 2.15, 2025இல் 3 டாலர். இவை அமெரிக்காவில் அந்தந்தத் தொகைக்கு வாங்கக்கூடிய பண்டங்களின் மதிப்பு. வங்கியில் மாற்றிக்கொள்ளும் டாலர் அன்று. செய்தித்தாள்கள் இதை அடிக்கடி மறந்து, அன்றைய மாற்று விகிதத்தால் பெருக்கி ரூபாயில் போட்டுவிடுகின்றன.

2005ஆம் ஆண்டு விலைகளைக் கொண்டு செய்த கணக்கு 2007 டிசம்பரில் வெளியானபோது, சீனா, இந்தியா இரண்டின் பொருளாதார அளவும் முந்தைய மதிப்பீட்டைவிட 40 விழுக்காடு அளவுக்குச் சுருங்கிவிட்டது. அந்த ஆண்டில் எந்தக் குடும்பமும் ஒரு வேளை சோறு கூடுதலாகவோ குறைவாகவோ உண்டுவிடவில்லை. சீனாவில் விலைகள் பதினொரு நகரங்களிலும் அவற்றைச் சுற்றியும் மட்டுமே திரட்டப்பட்டன என்பது பின்னர் பெரிதும் விவாதிக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு விலைகளைக் கொண்ட கணக்கு 2014இல் வந்தபோது சுருக்கத்தின் பெரும்பகுதி மறைந்து, வாங்கும் திறன் அடிப்படையில் இந்தியா உலகின் மூன்றாவது பெரிய பொருளாதாரம் என்று அறிவிக்கப்பட்டது.