முசுக்கொட்டை மரமும் ஒரு மரண வாக்குமூலமும்

பெயர்பெற்ற மரமொன்றை வெட்டி அதிலிருந்து வேறொரு பொருளைச் செய்யும்போது மரத்தின் பெயரும் உடன் வருமா? சங்க இலக்கியம் பயின்றோர்க்கு இக்கேள்வி புதியதாக இராது. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பகைவரின் காவல்மரமாகிய கடம்பைத் தடிந்து அதில் முரசு செய்தான் என்று பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்து பேசுகிறது. அம்முரசு எந்த மரத்தால் ஆனது என்பதற்கு உடன்சென்ற படை முழுவதும் சாட்சி. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், வெட்டுண்ட மரமொன்றிலிருந்து பேழைகளும் கிண்ணங்களும் செய்து விற்ற கடிகாரத் தொழிலாளி ஒருவருக்கு அத்தகைய சாட்சி வாய்க்கவில்லை. ஆகவே அவர் சாகுந்தறுவாயில் சத்தியம் செய்ய நேர்ந்தது.

ஷேக்ஸ்பியர் 1597ஆம் ஆண்டில் ஸ்ட்ராட்ஃபோர்டில் வாங்கிய பெரிய வீட்டுக்கு நியூ பிளேஸ் என்று பெயர். அதன் தோட்டத்தில் அவரே தம் கையால் ஒரு முசுக்கொட்டை மரத்தை (இன்று நாம் மல்பெரி என்று சொல்லிப் பழகிவிட்டோம்) நட்டார் என்பது ஊர் வழக்கு. இதை முற்றிலும் கட்டுக்கதை என்று ஒதுக்குவதற்கில்லை. மேற்காசியாவிலிருந்து வந்த அம்மரத்தை நாடெங்கும் நடவேண்டும் என்று முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1609 வாக்கில் ஊக்கப்படுத்தினார். பட்டுப்புழு வளர்ப்பதே நோக்கம். பட்டுத்தொழில் வேரூன்றவில்லை, மரங்கள் மட்டும் வேரூன்றின.

பின்னாளில் அவ்வீடு ஃபிரான்சிஸ் காஸ்ட்ரெல் என்னும் பாதிரியார் கைக்கு வந்தது. மரத்தைக் காட்டும்படி கேட்டு வாசலில் வந்து நிற்போரின் தொல்லை அவருக்குப் பொறுக்கவில்லை என்பார்கள். 1750களின் பிற்பகுதியில் மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார். 1759இல் வரித்தகராறு ஒன்றை அடுத்து வீட்டையும் இடித்துத் தள்ளினார். இலக்கிய உலகில் அவரளவு வசைபெற்ற வீட்டுக்காரர் வேறொருவர் இருக்கமாட்டார்.

விறகாகக் கிடந்ததில் பெரும்பகுதியை வாங்கியவர் தாமஸ் ஷார்ப். கடிகாரத் தொழிலில் பழகிய கை, நுண்ணிய வேலைக்கு அஞ்சாது. முசுக்கொட்டையும் அதற்கு இணங்கும் மரமே. வெட்டிய புதிதில் மஞ்சளாக இருக்கும் அதன் வைரம், ஆண்டுகள் செல்லச்செல்லப் பொன்பழுப்பாகிப் பின் கருஞ்சிவப்பை நெருங்கும். இழை நெருக்கமானது, கடைசலுக்கும் செதுக்கலுக்கும் பிளவுபடாமல் நிற்கும். மூக்குப்பொடி டப்பி, தேயிலைப் பெட்டி, பல்குத்தி வைக்கும் கூடு, கிண்ணம் என ஷார்ப்பின் பட்டறையிலிருந்து பொருள்கள் வந்துகொண்டேயிருந்தன. பலவற்றில் ‘ஷேக்ஸ்பியரின் மரம்’ என்னும் முத்திரையும் அவர் பெயரும் குத்தப்பட்டன.

இவற்றோடு வேறு கைகளில் உருவானவையும் உண்டு. தலைசிறந்தது, பர்மிங்ஹாமைச் சேர்ந்த தாமஸ் டேவிஸ் செதுக்கி, 1769இல் நடிகர் டேவிட் காரிக்குக்கு ஊர் மன்றம் அளித்த பேழை. ஊரின் கௌரவக் குடியுரிமைப் பத்திரத்தை வைக்க அது செய்யப்பட்டது. புதிதாய்க் கட்டிய நகர மண்டபத்துக்கு அவரிடமிருந்து ஷேக்ஸ்பியர் சிலை ஒன்றைப் பெற்றுவிடவேண்டும் என்ற கணக்கும் மன்றத்தாருக்கு இருந்தது. பேழையின் ஒரு பக்கத்தில் புயலில் நிற்கும் லியர் மன்னனாகக் காரிக்கையே செதுக்கியிருக்கிறார் டேவிஸ். அவ்வாண்டு செப்டம்பரில் காரிக் ஸ்ட்ராட்ஃபோர்டில் நடத்திய ஷேக்ஸ்பியர் விழாவும் பெருமழையில் மூழ்கியது. அவ்விழாவில் ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றுகூட நடிக்கப்படவில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். பேழை இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஒரே மரத்திலிருந்து நாற்பது ஆண்டுகளாகப் பெட்டிகள் வந்தால் ஊர் சும்மா இருக்குமா? வேறு முசுக்கொட்டைகளையும் வாங்கிக் கலக்கிறார் என்ற பேச்சு எழுந்தது. 1799இல், இறப்பதற்குச் சற்று முன்பு, ஷார்ப் சத்தியப் பிரமாணம் ஒன்றில் கையெழுத்திட்டார்: தாம் விற்றவை யாவும் அம்மரத்தில் செய்தவையே, அது ஷேக்ஸ்பியர் நட்டது என்று முன்னாள் வீட்டுக்காரர் சர் ஹ்யூ கிளாப்டன் சொல்லத் தாம் கேட்டதுண்டு. ஊரார் ஐயம் அதனாலும் தீரவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் அவ்வூருக்கு வந்த அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங், இம்மரம் இயேசுவின் சிலுவை மரத்தைப்போலப் பெருகிக்கொண்டே போகிறது என்னும் பொருள்பட எள்ளி நகையாடினார். இன்றுவரை எல்லோரும் இந்த நகையையே திருப்பிச் சொல்கிறார்கள்.

நாம் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று அங்குல நீளம், இரண்டு அங்குல அகலம், ஓர் அங்குல உயரமுள்ள டப்பியைக் குடைய ஆறு கன அங்குல மரம் வேண்டும். ஒரு கன அடியில் 1,728 கன அங்குலம். அறுப்பிலும் இழைப்பிலும் பாதி வீணானாலும் ஒரு கன அடிக்கு 144 டப்பிகள் தேறும். வயதான முசுக்கொட்டையின் நடுமரம் பொக்கையாவது உண்டு. கிண்ணமும் தேயிலைப் பெட்டியும் அதிக மரம் கேட்கும். அப்படியிருந்தும் பத்துக் கன அடி நல்ல மரம் கிடைத்திருந்தால் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு பொருள்கள் சாத்தியமே. ஷார்ப் பொய் சொல்லவில்லை என்று இதனால் நிறுவிவிட முடியாதுதான். எண்ணிக்கையைக் காட்டி மட்டும் அவரைப் பொய்யர் என்பது நியாயமாகாது.

அவருடைய பிரமாணத்தில் இரண்டு வேறு செய்திகள் கலந்துள்ளன. மரம் நியூ பிளேஸ் தோட்டத்தது என்பது அவர் அறிந்தது. அதை நட்டவர் யார் என்பது அவர் கேட்டது. முன்னதற்கே அவர் பொறுப்பாளி. பின்னதையும் சேர்த்து அவர் தலையில் சுமத்தியவர்கள், டப்பி வாங்கிய நாம்தான்.

அடுத்த நூற்றாண்டில் இதே கதை ஓக் மரத்தில் நிகழ்ந்தது. ‘மெர்ரி வைவ்ஸ் ஆஃப் வின்ட்சர்’ நாடகத்தில் வரும் ஹெர்னின் ஓக், வின்ட்சர் பூங்காவில் 1863இல் விழுந்தது. இல்லை, உண்மையான மரம் 1796லேயே வெட்டப்பட்டுவிட்டது என்றனர் மறுதரப்பார். விழுந்த மரத்தின் துண்டொன்றை விக்டோரியா அரசி ஏஞ்சலா பர்டெட்-கூட்ஸ் சீமாட்டிக்கு அளித்தார். 1623இல் அச்சான ஷேக்ஸ்பியர் முதல் தொகுதிப் பிரதி ஒன்று அச்சீமாட்டியிடம் இருந்தது. அதை வைக்க அவ்வோக்கில் பேழை செதுக்கியவர் வில்லியம் பெர்ரி. அவர் உளியோடு நின்றுவிடவில்லை. தாம் செதுக்கியது உண்மையான ஹெர்னின் ஓக்கே என்று வாதிட்டு 1867இல் ஒரு நூலும் எழுதினார். நூலும் பேழையும் இப்போது வாஷிங்டனிலுள்ள ஃபோல்ஜர் நூலகத்தில் இருக்கின்றன. உள்ளிருந்த புத்தகத்தின் உண்மையைக் குறித்து மட்டும் ஒருவரும் வழக்கிட்டதில்லை.