கால் ஆடக் கை அளந்த கதை

ஆடற்கலை ஓருடம்பினின்றும் மற்றோருடம்பிற்குச் செல்வது. எத்துணை ஏடுகளில் எழுதிவைப்பினும், ஒருவர் ஆடக் கண்டு மற்றொருவர் ஆடினாலன்றி அது நிலைபெறுவதில்லை. புகழ்பெற்ற இசைக்கலைஞரின் ஆட்டத்தை வீடியோ விளையாட்டு வாயிலாகப் பயிலும் வழக்கம் நம் காலத்திலே தோன்றியது. அவ்வியந்திரம் ஆசானாகுமா? அமெரிக்கக் கலைஞர் மைக்கல் ஜக்சனின் வரலாற்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1983ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள், கலிபோர்னியாவிலுள்ள பசடீனா நகர அரங்கிலே ஜக்சன் 'மூன்வோக்' என்னும் அடியை ஆடினார். முன்னே நடப்பவர்போலத் தோன்றிப் பின்னே வழுக்கிச் செல்வதே அதன் விந்தை. ஒரு காலின் விரல் நுனியிலே பாரத்தைத் தாங்கி, மற்றக் காலை நிலத்தோடு படிய இழுப்பதே அதன் மருமம். மே 16ஆம் நாள் தொலைக்காட்சியிலே அதைக் கண்டோர் வியந்தனர். ஆயினும் அவ்வடி அவர் படைத்ததன்று. பில் பெயிலி என்னும் ஆபிரிக்க அமெரிக்கக் கலைஞர் 1955இல் நியூயோர்க் அப்பலோ அரங்கிலே அவ்வாறு வழுக்கிய காட்சி படமாக உள்ளது. தெருமுனைச் சிறுவரிடம் தாம் கற்றதை ஜக்சனே 1988இல் வெளிவந்த தமது சுயசரிதையிற் கூறியுள்ளார்.

நிற்க, விளையாட்டிற்கு வருவோம். 1990இல் யப்பானின் சேகா கம்பனி 'மூன்வோக்கர்' விளையாட்டை வெளியிட்டது. அதிலே ஜக்சனின் உருவம் கடத்தப்பட்ட குழந்தைகளை மீட்கும். பொத்தானை அழுத்தினாற் பகைவரும் அவரோடு சேர்ந்து ஆடுவர். விளையாடுபவரின் விரலுக்கு மட்டுமே வேலை. 1998இல் கொனாமி கம்பனியின் 'டான்ஸ் டான்ஸ் ரெவலூஷன்' வந்தது. இஃது எந்தவொரு கலைஞரின் பெயராலும் எழுந்ததன்று. எனினும் அம்புக்குறிகளை மிதிக்கச் செய்து காலுக்கு வேலை கொடுத்தது. கையையும் இடையையும் அவ்வியந்திரம் அறியாது.

2009ஆம் ஆண்டு யூன் 25ஆம் நாள் ஜக்சன் காலமானார். அடுத்த ஆண்டு நவம்பரிலே பிரெஞ்சுக் கம்பனியாகிய யூபிசொவ்ற் 'மைக்கல் ஜக்சன்: த எக்ஸ்பீரியன்ஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. நின்டெண்டோவின் 'வீ' கருவியிலே, திரையில் ஆடும் உருவத்தைப் பார்த்து நாம் ஆடவேண்டும். கையிற் பிடித்த கோலின் அசைவிற்கே புள்ளி. காலாற் புகழ்பெற்றவரின் ஆட்டத்தைக் கையால் அளந்த விந்தையை என்னென்பது! கதிரையில் இருந்தபடி கையை வீசினவரும் புள்ளி பெறலாம். 2011 ஏப்ரலிலே வந்த 'கினெக்ற்' பதிப்பு, கமராவினால் முழு உடம்பையும் நோக்கியது. ஆடுபவரின் உருவத்தையே திரையிற் காட்டியது. ஆயினும் பாரம் எக்காலில் நிற்கின்றது என்பதை அக்கமரா உணரவில்லை. மூன்வோக்கின் உயிரோ அதிலேயே உள்ளது.

இதனால் இவ்விளையாட்டுக்கள் பயனற்றவை என்பது கருத்தன்று. சபைக்கூச்சமுள்ள பிள்ளைகளையும் வீட்டுக்குள்ளே எழுந்து ஆடச்செய்தமை பெரும் நன்மையே. ஆர்வத்தை ஊட்ட இயந்திரம் வல்லது. பிழையைத் திருத்தும் கண் அதற்கில்லை.

'வீ' கருவியின் தயாரிப்பு 2013இலும், 'கினெக்ற்' தயாரிப்பு 2017இலும் நின்றுபோயின. பெயிலி வழுக்கிய அடியோ இன்றும் இளைஞர் கால்களில் வாழ்கின்றது. ஆதலின் இளைஞர்காள், திரை தரும் புள்ளியோடு அமையாது, ஆடத் தெரிந்த ஒருவர் முன்னே சென்று ஆடிக் காட்டுங்கள். கால் எங்கே பிழைக்கின்றது என்பதை அவரே சொல்வார்.