பூன் லே நிலமும் வலசைப் பறவைகளும்

பறவைகள் பருவந்தோறும் இடம்பெயர்தலை வலசை போதல் என்பது தமிழ் வழக்கு. வடபுலத்தில் கோடை முடியுங்கால் சைபீரியச் சமவெளியினின்று புறப்படும் கரைப்பறவைகள், ஆகஸ்டு, செப்டம்பர் திங்களில் சிங்கப்பூரை அடைகின்றன. கோடையும் குளிரும் அறியாத இத்தீவு அவற்றுக்கு எவ்வாறு புகலிடமாயிற்று என்பது ஆராயத்தக்கது.

தீவின் மேற்கே உள்ள பூன் லே, 1933 இல் மறைந்த வணிகர் சியூ பூன் லேயின் பெயரைத் தாங்கியது. அவ்வட்டாரத்தில் அவருக்குத் தோட்டங்கள் இருந்தன. அதனைச் சூழ்ந்த ஜூரோங் கரையோ சதுப்புக் காடும் இறால் குளங்களும் நிறைந்தது. 1961 இல் அங்குத் தொழிற்பேட்டைப் பணி தொடங்கிற்று. குன்றுகள் வெட்டப்பட்டன, சதுப்புகள் தூர்க்கப்பட்டன. வேலையின்றி வாடிய மக்களுக்குப் பிழைப்புக் கிடைத்தது. ஆதலின் அதனைப் பழித்தல் முறையன்று. எனினும் பறவைகள் இரை தேடிய சேறு சுருங்கிற்று என்பதும் உண்மையே.

எஞ்சிய இடங்களுள் ஒன்று வடமேற்கிலுள்ள சுங்கை பூலோ. மலாய் மொழியில் சுங்கை ஆறு, பூலோ மூங்கில். ஆகவே இது மூங்கிலாறு. 1986 இல் மலாயா இயற்கைக் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளையினர் இங்குப் பறவைக் கூட்டங்களைக் கண்டு, அரசிடம் விண்ணப்பித்தனர். வேளாண் தொழில்நுட்பத்திற்கென ஒதுக்கப்பட்டிருந்த நிலத்தில் 87 ஹெக்டேர், 1989 இல் இயற்கைப் பூங்காவாகக் குறிக்கப்பட்டது. 1993 இல் அது திறக்கப்பட்டது. 2002 இல் சட்டக் காப்புப் பெற்றது.

இப்பறவைகளின் நாளை வகுப்பது கதிரவன் அன்று, கடலே. நீர் வற்றுங்கால் பொன்னிற உப்புக்கொத்தியும் பச்சைக்கால் உள்ளானும் மண்டாய்ச் சேற்றில் புழுவும் நண்டும் தேடும். நீர் ஏறியதும் சேறு மூழ்கிவிடும். அப்போது அவை பூலோவின் பழைய குளங்களுக்குப் பறந்து ஒற்றைக்காலில் ஓய்வு கொள்ளும். இறால் வளர்ப்போர் அமைத்த மதகு முறையே இன்றும் குளத்து நீரைத் தாழ்த்தி, நிற்க இடம் தருகின்றது. பலவகைக் கரைப்பறவைகளில் பெற்றோர் முன்னே சென்றுவிட, குஞ்சுகள் வழிகாட்டியின்றிப் பின்னர் வருகின்றன என்பது வியப்பிற்குரியது.

தமிழகத்துக் கோடியக்கரையும் இத்தகையதே. 1967 இல் சரணாலயமான அவ்விடம், 2002 இல் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்ந்தது. சிங்கப்பூருக்கு வருவன கிழக்காசிய வழியினவாயினும், இரண்டிற்கும் நீதி ஒன்றே. தென்கொரியாவின் சேமாங்கும் கரையில் 33 கிலோமீட்டர் நீளமுள்ள கடற்சுவர் 2006 இல் முழுமையுற்றபின், அங்குத் தங்கிய உள்ளானினம் ஒன்று பெரிதும் குறைந்தது. வலசை வழி ஒரு சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தால் மற்றக் கரைகள் காத்தும் பயன் குன்றும்.

ஜூரோங் தொழிலுக்கு ஈந்தது. பூலோ பறவைக்கு ஈந்தது. சிறிய தீவில் இரண்டிற்கும் இடம் காணல் கடினமே. ஆயினும் கைவிடப்பட்ட குளங்களைப் பயனற்ற நிலம் என்று சிலர் எண்ணாதிருந்தமையால்தான் அது இயன்றது.