துரைசாமி என்ற பெயரில் ஒரு மன்னர்

சென்ற வாரம் மாஸ்கோவில் இருந்தோம். 1591-ல் உக்லிச்சில் இறந்துபோன இளவரசன் திமித்ரி நானே என்று வந்தவன் 1605-ல் அரியணை ஏறி, மறு ஆண்டே கொல்லப்பட்டான். அதே பெயரில் இன்னும் இருவர் வந்தார்கள். இந்த வாரம் கண்டிக்குப் போவோம். அங்கேயும் ஒருவர் பெயரை மற்றொருவர் சூடிக்கொண்டார். அந்தப் பெயர் தமிழ்ப் பெயர்.

1739-ல் நேரடி வாரிசின்றி மன்னர் நரேந்திரசிங்கன் மறைந்தபோது, மதுரையிலிருந்து வந்த பட்டத்தரசியின் தம்பி முடிசூடினார். அன்றுமுதல் நான்கு நாயக்க மன்னர்கள் கண்டியை ஆண்டார்கள். கடைசியானவர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன், இயற்பெயர் கண்ணுசாமி. 1815-ல் ஆங்கிலேயர் அவரைப் பிடித்தார்கள். அந்த மார்ச் மாதம் சிங்களப் பிரதானிகளோடு செய்த உடன்படிக்கை, நாயக்கர் குலத்துக்கு அரியணையில் இனி எந்த உரிமையும் இல்லை என்றது. மன்னர் வேலூருக்கு அனுப்பப்பட்டார்.

உரிமை ஏட்டிலிருந்துதான் போனது, மக்கள் மனத்திலிருந்து போகவில்லை. 1817-ல் ஊவா வெல்லச காடுகளில் ஒருவர் தோன்றினார். நாயக்கர் குலத்துத் துரைசாமி நான், கதிர்காமத் தெய்வம் எனக்கு அரசைத் தந்திருக்கிறது என்றார். உண்மையில் அவர் வில்பாவே என்ற சிங்களர், முன்னாள் பிக்கு. சிங்கள விவசாயிகளை ஆங்கிலேயருக்கு எதிராகத் திரட்ட ஒரு சிங்களருக்கு மதுரை வம்சத்துப் பெயர் தேவைப்பட்டிருக்கிறது! இந்தக் கிளர்ச்சியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். ஆள்பவர் எந்த மொழி பேசினார் என்பதைவிட, முறைப்படி முடிசூடிய குலமா என்பதையே அந்த மக்கள் பார்த்தார்கள். இன்றைய இனக் கணக்குகளை அந்தக் காலத்தின்மேல் ஏற்றிப் படிப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

துரைசாமி என்றதும் டத்தோ கிராமாட் வாசகர்கள் சிலருக்கு இன்னொருவர் நினைவுக்கு வரலாம். சின்ன மருதுவின் மகன் துரைசாமி 1802-ல் தூத்துக்குடியிலிருந்து நம் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டவர். கண்டியில் போலித் துரைசாமி முடிசூடிய அதே 1818-ல், கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் அவரைப் பினாங்கில் சந்தித்தார். வெல்ஷ் முன்பு இளைஞனாகக் கண்ட துரைசாமி முதியவர்போலத் தளர்ந்திருந்தார். ஊரில் மிஞ்சிய உறவினருக்கு ஒரு கடிதம் கொண்டுபோகக் கேட்டார். வெல்ஷுக்கு அதற்கும் அனுமதி இல்லை. இந்த இரண்டு துரைசாமிகளுக்கும் தொடர்பு கிடையாது. ஆனாலும் அந்த ஆண்டைத் தனியாக நினைக்க என்னால் முடியவில்லை.

கண்டிக்குத் திரும்புவோம். கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர் அனுப்பிய திசாவை (மாகாண ஆளுநர்) கெப்பட்டிப்பொலவே மறுபக்கம் சேர்ந்து முதலமைச்சரானார். புத்தரின் புனித தந்ததாதுவும் கிளர்ச்சிக்காரர்கள் கைக்கு வந்தது. மன்னர், தாது இரண்டும் ஓரிடத்தில் இருந்தால் கண்டி மரபில் அரசு முழுமை பெற்றுவிடும். ஆங்கிலேயர் ஊர்களை எரித்தார்கள்; நெல்லை அழித்தார்கள்.

முடிவு உள்ளிருந்து வந்தது. மடுகல்ல என்ற பிரதானி மன்னரின் வேடத்தைக் கண்டுபிடித்து அவரைத் தொழுமரத்தில் மாட்டினார். கிளர்ச்சி குலைந்தது, தாது ஆங்கிலேயரிடம் போனது. 1818 நவம்பர் 26 அன்று கெப்பட்டிப்பொல, மடுகல்ல இருவரும் போகம்பரையில் தலை வெட்டப்பட்டார்கள். வில்பாவே தப்பியோடிப் பல ஆண்டுகள் தலைமறைவாக இருந்தார்.

அடுத்த வாரம்: 1848-ல் தம்புள்ளையில் முடிசூடிய கொங்காலேகொட பண்டா.