ஜாஸ் மறுவெளியீடுகளும் அவற்றின் ஒலி ஒப்பீடும்

ஜாஸ் மறுவெளியீடு என்பது முன்பே விற்பனைக்கு வந்த ஜாஸ் ஒலிப்பதிவு ஒன்றை, மிஞ்சியிருக்கும் மூலநாடாவிலிருந்தோ பழைய தட்டிலிருந்தோ மறுபடி ஒலிச்சீர் செய்து, புதிய எல்பி தட்டாகவோ குறுந்தகடாகவோ டிஜிட்டல் கோப்பாகவோ கொண்டுவருவதைக் குறிக்கும். ஒரே பதிவின் பல பதிப்புகளைத் தேடிச் சேர்த்து, எது எப்படி ஒலிக்கிறது என்று அடுத்தடுத்துப் போட்டுக் கேட்கும் பழக்கமும் இதோடு சேர்ந்தே வளர்ந்தது. இதை வெறும் சேகரிப்பு ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது. ஜாஸில் காகிதத்தில் எழுதியிருக்கும் ஸ்வரங்கள் பெரும்பாலும் ஒரு தொடக்கம்தான். பதிவறையிலோ மேடையிலோ அந்த நேரத்தில் வாசித்ததே படைப்பு. அது ஒலிப்பதிவில் மட்டுமே தங்கியிருக்கிறது. ஆகவே அந்தப் பதிவு யார் கையில், யாருடைய காதுக்கு ஏற்பத் தட்டானது என்ற கேள்வி படைப்பையே தொடுகிறது.

78 சுற்றுத் தட்டுகள்

முதல் ஜாஸ் தட்டாகக் கருதப்படுவது, ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் குழு 1917 பிப்ரவரியில் விக்டர் நிறுவனத்துக்குப் பதிவு செய்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் வந்த தட்டுகள் பலவும் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது விற்பனைப் பட்டியலிலிருந்து மறைந்துபோயின. நியூயார்க்கில் கமடோர் மியூசிக் ஷாப் என்ற கடையை நடத்திய மில்ட் கேப்லர், பெரிய நிறுவனங்களிடம் கிடப்பில் இருந்த அச்சுகளை உரிமம் பெற்று 1930-களின் நடுவில் மறுபடி அழுத்தி விற்றார். வாசித்தவர் ஒவ்வொருவரின் பெயரையும் லேபிளில் அச்சிடும் வழக்கத்தையும் அவர் கொண்டுவந்தார். 1936-ல் பாரிஸில் சார்ல் தெலோனே வெளியிட்ட தட்டு விவர நூல், எந்தத் தட்டில் யார் வாசித்தார் என்ற ஆராய்ச்சிக்கு அடித்தளம் போட்டது. 1940-ல் கொலம்பியா நிறுவனம், யேல் பல்கலைக்கழக மாணவராக இருந்த ஜார்ஜ் அவாகியனைக் கொண்டு தன் பழைய பதிவுகளை ஆல்பங்களாகத் தொகுக்கத் தொடங்கியது.

இந்தக் காலத்துப் பதிவுகளுக்கு நாடா கிடையாது. உலோக அச்சு தப்பியிருந்தால் அதிலிருந்து, இல்லையென்றால் தேயாத தட்டு ஒன்றைத் தேடிப்பிடித்து அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். 78 என்று பெயர் இருந்தாலும் எல்லாத் தட்டும் சரியாக 78 சுற்றில் பதிவானதில்லை. வேகத்தைத் தவறாகக் கணித்தால் சுருதி மாறிவிடும். பள்ளத்தின் அகலமும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு என்பதால், பல அளவு ஊசிமுனைகளை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்ப்பார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் ஆர். டி. டேவிஸ் (1927–2004) இந்த வேலையில் பெரும் பெயர் பெற்றவர். தட்டை நாடாவில் பதிவு செய்துகொண்டு, அந்த நாடாவை வாசிப்பு முனையின்மேல் கையால் முன்னும் பின்னும் நகர்த்தி, 'டிக்' என்ற கீறல் ஒலி எந்த இடத்தில் விழுகிறது என்று கண்டுபிடிப்பார். பிறகு அந்த இடத்தில் இருக்கும் காந்தப் பூச்சைப் பிளேடு முனையால் துளியளவு சுரண்டி எடுத்துவிடுவார். ஒரு மூன்று நிமிடப் பாட்டுக்கு இப்படி நூற்றுக்கணக்கான இடங்கள் இருக்கும். லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ், ஹாட் செவன் பதிவுகளை ஜேஎஸ்பி நிறுவனத்துக்காக அவர் சீர்செய்து தந்தார். உரிமையாளரான கொலம்பியாவின் தொகுப்பைவிட இதையே பல சேகரிப்பாளர்கள் உயர்வாகச் சொல்வார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இரைச்சலை முழுவதும் அழிக்க முயன்றால் டிரம்பெட்டின் மேல்ஸ்தாயி மினுக்கும் சேர்ந்தே போய்விடும்; டேவிஸ் கொஞ்சம் இரைச்சலை விட்டுவைத்து டிரம்பெட்டைக் காப்பாற்றினார்.

வான் கெல்டர்: நாடா வேறு, தட்டு வேறு

1948-ல் கொலம்பியா எல்பி தட்டை அறிமுகப்படுத்தியது; அதே காலத்தில் காந்தநாடா பதிவறைகளுக்குள் வந்தது. மறுவெளியீடு பற்றிய விவாதங்களில் பெரும்பகுதி இந்த நாடாக் காலத்தைப் பற்றியதுதான். அதில் தவிர்க்கவே முடியாத பெயர் ரூடி வான் கெல்டர் (1924–2016). பகலில் கண் பரிசோதகராக வேலை பார்த்துக்கொண்டே, நியூஜெர்சியின் ஹேக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையைப் பதிவறையாக மாற்றியவர். 1953 முதல் ப்ளூ நோட் நிறுவனத்தின் ஆல்ஃபிரட் லயன் அவரிடம்தான் பதிவுகளைக் கொடுத்தார். 1959-ல் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் உயர்ந்த மரக்கூரையுடன் தனிப் பதிவறை கட்டி அங்கே குடிபெயர்ந்தார்.

பதிவு செய்ததும் அவர், நாடாவிலிருந்து அரக்குத் தட்டை வெட்டியதும் அவரே. வெட்டும்போது ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சற்று இறுக்குவார். அடிமட்ட ஒலியைக் குறைப்பார். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் எடுப்பாகத் தெரியும்படி செய்வார். அன்றைய சாதாரண இயக்கியில் ஊசி துள்ளாமல் ஓட வேண்டும் என்பது இதற்கு ஒரு காரணம். எனவே 1958-ல் வாங்கியவர் கேட்ட ஒலியும் நாடாவில் இருந்த ஒலியும் ஒன்றல்ல. எது 'மூலம்' என்ற சண்டை இங்கேதான் பிறக்கிறது. முதல் அழுத்தத்தைத் தேடுபவர்கள் கலைஞரும் தயாரிப்பாளரும் ஒப்புக்கொண்டு கடைக்கு அனுப்பியதே மூலம் என்கிறார்கள். நாடாவிலிருந்து நேரடியாக எடுத்த மறுவெளியீட்டை விரும்புபவர்களுக்கு, பதிவறையில் நடந்ததே மூலம். இரண்டும் நேர்மையான நிலைப்பாடுகள். ஒப்பிடுபவர் எந்த அளவுகோலை வைத்திருக்கிறார் என்று முதலிலேயே சொல்லாவிட்டால் ஒப்பீடு வீண் வாக்குவாதமாகிவிடும்.

ஸ்டீரியோ வந்தபோது இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. 1958 இறுதிக்குப் பிறகு ப்ளூ நோட்டின் மோனோ தட்டுகள் தனி மோனோ நாடாவிலிருந்து வந்தவை அல்ல. இருதட நாடாவை ஒன்றாக மடித்து வெட்டியவை. அந்தக் காலத்து ஸ்டீரியோ மறுவெளியீடுகளில் சாக்ஸபோன் ஓர் ஓரத்திலும் டிரம்ஸ் மறு ஓரத்திலும் ஒதுங்கி நிற்பதாகச் சிலருக்குத் தோன்றும்; அவர்கள் மோனோவையே நாடுவார்கள்.

பழைய ப்ளூ நோட் தட்டை அடையாளம் காண்பது தனிக் கலை. லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் வான் கெல்டரின் பெயரோ 'ஆர்.வி.ஜி.' என்ற எழுத்துகளோ பொறித்திருக்கும். பிளாஸ்டிலைட் ஆலையில் அழுத்தியதாக இருந்தால் காது வடிவில் வளைந்த ஒரு 'பி' இருக்கும். 1966-க்குப் பிந்திய தட்டுகளில் அது இல்லை. லேபிளில் அச்சிட்ட லெக்சிங்டன் அவென்யூ முகவரியும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். இத்தனை அடையாளமும் பொருந்தி, தேயாமலும் இருக்கும் தட்டுகள் சில ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோகின்றன. சாமானியக் கேட்பாளருக்கு மறுவெளியீடு இன்றியமையாததாவது இதனால்தான்.

'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் சுருதி

மறுவெளியீடு ஒரு பதிவைத் திருத்தவும் முடியும் என்பதற்கு மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வைவிடத் தெளிவான சான்று இல்லை. நியூயார்க்கில் கொலம்பியாவின் 30-வது தெருப் பதிவறையில் 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரு நாட்களில் பதிவான ஆல்பம் இது. மார்ச் 2 அன்று ஓடிய முதன்மை நாடாக் கருவி சற்று மெதுவாகச் சுழன்றிருக்கிறது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டித் தட்டு வெட்டியபோது முதல் பக்கத்தின் மூன்று பாடல்களும் கூடிய சுருதியில் அமைந்துவிட்டன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் முழுக்க விற்றது இந்தப் பிழையான வேகம்தான். தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்களுக்கு முதல் பக்கத்தோடு தங்கள் வாத்தியம் ஒட்டாது. அதே நாளில் பாதுகாப்புக்காக இன்னொரு கருவியிலும் பதிவு செய்திருந்தார்கள்; அது சரியான வேகத்தில் ஓடியிருந்தது. 1992-ல் கொலம்பியாவின் தங்கப்பூச்சுக் குறுந்தகட்டுக்காக அந்த நாடாவைப் பயன்படுத்தியபோதுதான் சுருதி சரியானது. பிறகு கிளாசிக் ரெக்கார்ட்ஸ் கொண்டுவந்த எல்பி மறுவெளியீட்டில் முதல் பக்கம் பழைய வேகத்திலும் திருத்திய வேகத்திலும் இருமுறை இடம்பெற்றது. தேர்வைக் கேட்பவரிடமே விட்ட அந்த முடிவு மிகச் சரியானது.

ட்யூக் எலிங்டனின் நியூபோர்ட் கச்சேரி இதைவிட வியப்பானது. 1956 ஜூலை 7 அன்று பால் கொன்சால்வெஸ் 27 சுற்று நீண்ட சாக்ஸபோன் தனியாவர்த்தனத்தில் கூட்டத்தை எழுந்து ஆடவைத்தார். ஆனால் அவர் நின்று வாசித்தது கொலம்பியாவின் மைக்கில் அல்ல, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக்கில். அப்போது வெளிவந்த எல்பியில் அவர் ஒலி தூரத்தில் கேட்டது. கச்சேரியின் பல பகுதிகள் பதிவறையில் மறுபடி வாசித்து, கைதட்டல் சேர்த்து நிரப்பப்பட்டிருந்தன. வானொலியின் நாடா பின்னாளில் கிடைத்ததும், மறுவெளியீட்டுத் தயாரிப்பாளர் ஃபில் ஷாப் இரண்டு மோனோ நாடாக்களையும் நேரம் பிசகாமல் இணைத்து 1999-ல் முழுக் கச்சேரியையும் ஸ்டீரியோவாக வெளிக்கொணர்ந்தார்.

ஜப்பானியத் தட்டுகளிலிருந்து குறுந்தகடு வரை

1960-களின் பிற்பகுதியில் அமெரிக்க நிறுவனங்கள் மோனோ பதிவுகளைப் போலி ஸ்டீரியோவாக்கி விற்றன. அவற்றைப் பற்றிச் சொல்ல நல்லதாக ஒன்றுமில்லை. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் இந்த இசையை மதித்துப் பேணியது ஜப்பான். கிங் ரெக்கார்ட்ஸ் 1977 முதலும் அதன்பின் தோஷிபா ஈஎம்ஐயும் வெளியிட்ட ப்ளூ நோட் தட்டுகளில் பள்ள இரைச்சல் மிகக் குறைவு, அட்டை அச்சு நேர்த்தி. அதுவரை வெளிவராத பதிவுகளும் அங்கே வந்தன. அமெரிக்காவில் ஃபேன்டஸி நிறுவனம் பிரஸ்டீஜ், ரிவர்சைடு நிறுவனங்களின் பதிவுகளை 1980-களின் தொடக்கம் முதல் 'ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ்' வரிசையில் மலிவு விலைக்குத் தந்தது. மைக்கேல் கஸ்குனாவும் சார்லி லூரியும் தொடங்கிய மொசைக் நிறுவனம் தெலோனியஸ் மங்க்கின் முழு ப்ளூ நோட் பதிவுகளையும் 1983-ல் பெட்டித் தொகுப்பாகக் கொண்டுவந்தது.

1982-ல் குறுந்தகடு வந்தது. தொடக்கக் காலக் குறுந்தகடுகள் பல வறண்டு ஒலித்தன என்பது உண்மை; கிடைத்த நாடாப் பிரதியை அவசரமாக மாற்றியது அதற்கு முக்கியக் காரணம். 1990-களின் இறுதியில் ப்ளூ நோட், வான் கெல்டரையே அழைத்து அவருடைய பழைய நாடாக்களை 24 பிட்டில் மறுபடி சீர்செய்ய வைத்தது. எல்பியைவிட டிஜிட்டலே மேல் என்று வெளிப்படையாகச் சொல்லிவந்தவர் அவர். அந்த 'ஆர்.வி.ஜி. எடிஷன்' குறுந்தகடுகள் உரத்து, முன்னுக்கு நெருக்கி ஒலிக்கின்றன. ஸ்டீரியோவின் அகலமும் குறைந்திருக்கிறது. பதிவு செய்தவரே செய்ததால் மட்டும் அது இறுதி வடிவமாகிவிடாது. முப்பதுகளில் இருந்த வான் கெல்டரின் காதும் எழுபதுகளில் இருந்தவரின் காதும் வெவ்வேறு முடிவுகளை எடுத்திருக்கின்றன.

எப்படி ஒப்பிடுவது

இரண்டு பதிப்புகளை ஒப்பிடுமுன் ஒலி அளவைச் சமப்படுத்த வேண்டும். அரை டெசிபல் கூடுதலாக ஒலிப்பது காதுக்கு 'உரத்தது' என்று படாது, 'தெளிவானது' என்றே படும். ஆர்.வி.ஜி. குறுந்தகடும் பழைய எல்பியும் மோதும்போது பலர் ஏமாறுவது இங்கேதான். அடுத்து, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்க வேண்டும். ரைட் சிம்பலின் விளிம்பு, பாஸ் நரம்பில் விரல் உரசும் ஒலி, பியானோ ஸ்வரம் அடங்கும் விதம் ஆகியவற்றைக் குறித்துவைத்து ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பது பயனுள்ள முறை.

2007-ல் மேயரும் மோரனும் ஆடியோ பொறியியல் சங்க இதழில் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. எஸ்ஏசிடி என்ற உயர் துல்லியக் குறுந்தகட்டு வடிவத்தின் ஒலியையும், அதையே குறுந்தகட்டின் 16 பிட் தரத்துக்கு இறக்கிய ஒலியையும் கண்கட்டிச் சோதனையில் கேட்கவைத்தார்கள். 554 முயற்சிகளில் 276 சரி. நாணயம் சுண்டினாலும் இதே அளவுதான் வரும். ஆனால் எஸ்ஏசிடி வெளியீடுகள் பலவும் நன்றாக ஒலித்ததையும் அவர்கள் மறைக்கவில்லை. ஒலிச்சீரில் எடுத்துக்கொண்ட அக்கறையே அதற்குக் காரணம் என்றார்கள். வடிவத்தைவிட, எந்த நாடா, யார் கை என்பதே ஒலியைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் தேவையில்லை.

2022-ல் மொபைல் ஃபிடெலிட்டி விவகாரம் இதையே வேறு வழியில் காட்டியது. முழுக்க அனலாக் என்று வாங்கியவர்கள் நம்பிய அந்நிறுவனத்தின் விலையுயர்ந்த எல்பிகளில், 2011 முதலே பலவற்றுக்கு நடுவே ஒரு டிஜிட்டல் படி இருந்தது தெரியவந்தது. வழக்கு தொடரப்பட்டு, 2023-ல் 25 மில்லியன் டாலர் வரையிலான சமரசத்துக்கு நிறுவனம் ஒப்புக்கொண்டது. வாங்கியவர்களிடம் அதை மறைத்தது தவறு. ஆனால் அத்தனை ஆண்டுகளும் அந்தத் தட்டுகளின் அனலாக் இனிமையைப் புகழ்ந்தவர்களில் ஒருவர்கூட அந்தப் படியைக் காதால் கண்டுபிடித்ததாகச் செய்தி இல்லை.

நாடாக்களின் நிலை

இப்போதைய வரிசைகளில் ஜோ ஹார்லி மேற்பார்வையில் 2019-ல் தொடங்கிய ப்ளூ நோட்டின் 'டோன் போயட்' குறிப்பிடத்தக்கது. மூலநாடாவிலிருந்து கெவின் கிரே நேரடியாகத் தட்டை வெட்டுகிறார். 'ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ்' வரிசையையும் கிராஃப்ட் நிறுவனம் 2023-ல் இதே முறையில் புதுப்பித்தது.

இப்படி வெட்ட நாடா இருக்க வேண்டும். அட்லாண்டிக் நிறுவனத்தின் வெளிவராத பதிவுகள் பெருமளவு 1978-ல் நியூஜெர்சிக் கிடங்குத் தீயில் போயின. 2008-ல் ஹாலிவுட்டின் யுனிவர்சல் வளாகத் தீயில் எவ்வளவு அழிந்தது என்பது இன்றும் சர்ச்சையில் இருக்கிறது. ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' 2002-ல் மறுபடி வந்தபோது, 1965-ல் இங்கிலாந்தின் ஈஎம்ஐக்கு அனுப்பியிருந்த பிரதிநாடாதான் கைகொடுத்தது. 1950-களின் அசிடேட் நாடாக்கள் காய்ந்து எளிதில் முறிகின்றன; ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஒட்டுகள் பிரிகின்றன. அதனால் ஒலிச்சீர் செய்பவர்கள் பலர் இப்போது நாடாவை எடுத்ததும் எந்த மாற்றமும் செய்யாமல் உயர் துல்லிய டிஜிட்டல் பிரதி ஒன்றை முதலில் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். தட்டு வெட்டும் வேலை அதன் பிறகுதான்.