ஒலிவாங்கியும் அதன் விலையும்: கொழும்பு ஒலிபரப்பு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒலிபரப்பு என்றதும் வானளாவும் கோபுரங்களும் பெரும் பொருட்செலவும் நம் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. எனினும் கொழும்பு மாநகரில் அக்கலை தோன்றிய வரலாற்றை நோக்குவோர், அது பழைய சாமான்களிலிருந்து பிறந்ததைக் காண்பர். 1921 இல் இலங்கைத் தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக வந்த எட்வேட் ஹார்ப்பர், 1923 இல் மத்திய தந்தி அலுவலகத்தின் சிறியதோர் அறையிலிருந்து கிராமபோன் இசைத்தட்டுகளைப் பரிசோதனையாக ஒலிபரப்பினார். அவர் பயன்படுத்திய பரப்பியைத் திணைக்களத்துப் பொறியியலாளர்களே, கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டு அமைத்தனர். 1925 டிசெம்பர் 16 ஆந் திகதி ஆளுநர் சேர் ஹியூ கிளிபோர்ட் கொழும்பு வானொலியை முறைப்படி தொடக்கிவைத்தார். வெலிக்கடையில் நிறுவப்பட்ட அந்நிலையத்தின் பரப்பி ஒரு கிலோவாற்று வலுவுடையது. பி.பி.சி. தோன்றி அப்போது மூன்று ஆண்டுகளே கழிந்திருந்தன.

இவ்வரலாற்றை யான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் முதியோரின் நினைவுகளைப் பதிவுசெய்து, பொட்காஸ்ட் எனப்படும் வலையொலியாக வெளியிடவேண்டுமென நண்பர்கள் சிலர் முடிவுசெய்தோம். இரவல் கமராவொன்றுடன், வெள்ளவத்தையிற் கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கையொன்றில் வாழ்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை அணுகினோம். படம் மிக அழகாக அமைந்தது. கமராவோ அவரிடமிருந்து பத்தடி தொலைவில் நின்றது. கரையோரப் பாதையிற் புகையிரதம் சென்ற போதெல்லாம் அவர் குரல் அதனுள் மூழ்கிற்று; எஞ்சிய இடங்களைச் சுவரின் எதிரொலி விழுங்கிற்று. மறுமுறை பதிவுசெய்ய எண்ணியிருக்கையில் அவர் கனடாவிலுள்ள மகளிடம் சென்றுவிட்டார். தவறு எம்முடையதே, கையிலிருந்த சிறுதொகையை எதற்குச் செலவிடுவது என்பதை யாம் சிந்தித்திருக்கவில்லை.

ஆயின் நமக்கு முன்னிருந்தோர் எதற்குச் செலவிட்டனர்? இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியக் கட்டளைப் பீடத்தின் படையினருக்காக ரேடியோ சீக் என்ற நிலையம் கொழும்பில் இயங்கிற்று. அதற்கென ஏக்கலையில் நிறுவப்பட்ட 100 கிலோவாற்றுச் சிற்றலைப் பரப்பி போர் முடிந்த பின்னரே முழுப்பயன் தந்தது. 1949 இல் அந்நிலையம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டு இலங்கை வானொலியின் உடைமையாயிற்று. ஆகவே இருமுறையும் போரின் எச்சமே நமக்குக் கருவியாயிற்று எனலாம். 1950 இல் வர்த்தக சேவை தொடங்கியது. இந்தியாவில் பி. வி. கேஸ்கர் அமைச்சராயிருந்த காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, கொழும்பு அவ்விடத்தை நிரப்பிற்று. 1952 இல் தொடங்கிய புகழ்பெற்ற இந்தித் திரையிசை நிகழ்ச்சி பம்பாயிற் பதிவுசெய்யப்பட்டு, விமானமூலம் கொழும்புக்கு அனுப்பப்பட்டு, இங்கிருந்து மீண்டும் இந்தியாவுக்கே ஒலிபரப்பப்பட்டது. ஓரிடத்திற் பேசிப் பதிவுசெய்து பிறிதோரிடத்திலிருந்து பரப்பும் இம்முறையை வலையொலியின் முன்னோடியாகக் கொள்வதில் தவறில்லை. எஸ். பி. மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளரின் தமிழ் பாக்குநீரிணைக்கு அப்பாலும் வீடுதோறும் கேட்டது. சிற்றலை ஏறியும் இறங்கியும் கரகரத்தும் வருவது. அத்தகைய வழியிற் சென்றும் சொல் விளங்கிற்றென்றால், அதற்கு அறிவிப்பாளரின் உச்சரிப்புத் திருத்தம் ஒரு பாதி. எதிரொலி அடக்கப்பட்ட அறையும் வாயருகே நின்ற ஒலிவாங்கியும் மறுபாதி.

கேட்பது மலிவாகவும் பேசுவது அரிதாகவும் இருந்த காலம் அது. 1979 ஏப்ரல் 13 இல் ஐ.ரி.என். என்ற தனியார் தொலைக்காட்சி கொழும்பை அண்டிய சிறு எல்லைக்குள் ஒளிபரப்பைத் தொடங்கியது. இரண்டு மாதங்கள் நிறையுமுன்னரே, யூன் 5 இல், அரசு அதனைப் பொறுப்பேற்றது. 1982 பெப்ரவரி 15 இல் தொடங்கிய ரூபவாஹினிக்கு யப்பானின் நன்கொடை வேண்டியிருந்தது. படத்தின் விலை அத்தகையது.

ஒலியின் விலையோ சத்தமின்றி வீழ்ந்துகொண்டிருந்தது. 1962 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ற், ஜெர்ஹாட் செஸ்லர் ஆகிய இருவரும் எலெக்ட்ரெற் ஒலிவாங்கியை உருவாக்கினர். மின்னேற்றத்தை நிலையாகத் தாங்கும் மெல்லிய பிளாத்திக்குத் தாளே அதன் உயிர்நிலை. விலையுயர்ந்த கலையகக் கருவியின் தொழிலைச் சட்டைப் பொத்தானளவு பொருள் செய்யலாயிற்று. மறுவருடம் பிலிப்ஸ் நிறுவனம் கசெற் நாடாவை அறிமுகஞ்செய்தது. ஒலிப்பதிவுப் பெட்டிகளில் அச்சிறு ஒலிவாங்கி இடம்பெற்றதும், கடல்கடந்து வாழ்ந்தோர் கடிதத்துக்குப் பதிலாகக் குரலையே நாடாவில் அனுப்பினர். நம் வீடுகளின் அலுமாரிகளில் அவற்றுட் சில இன்னும் கிடக்கக்கூடும். பூஞ்சணம் பிடிக்குமுன் தேடியெடுத்தல் நன்று.

'பொட்காஸ்ட்' என்ற சொல் 2004 இலேயே தோன்றியது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, ஒலியைத் திருத்தும் ஒடாசிற்றி என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது. நேரலைக்கு உதவும் ஓ.பி.எஸ். 2012 இல் இலவசமாகவே வந்தது. ஆகவே செலவு கருவியில் மாத்திரமே. அதனையும் எளிதாகக் கொள்ளல் ஆகாது. 2022 மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. ஐம்பது டொலர் ஒலிவாங்கியின் அடக்கவிலை, வரியும் இலாபமும் சேராமலே, 10,000 ரூபாவிலிருந்து 18,000 ரூபாவாயிற்று. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் பம்பலப்பிட்டியின் கணினிக் கடைகளிலும் அலைந்து திரும்பும் மாணவனுக்கு இவ்வேறுபாடு ஒரு மாத உணவுச் செலவுக்கு நிகராகும்.

கடைகளிற் காட்சிக்கு நிற்பவை பெரும்பாலும் கொண்டென்சர் வகையின. அவை அடைத்த அறையில் நுண்ணியன. காலி வீதியின் பஸ் ஊதலையும் அவ்வாறே நுணுக்கமாகக் கேட்கும். மேடைப் பாடகர் கையிற் காணும் டைனமிக் வகை செவிமந்தமானது. வாயருகே பிடித்தாலன்றி நன்கு கேளாது. நம் ஊருக்கு அம்மந்தமே குணமாகின்றது. எவ்வகையாயினும் விதி ஒன்றே: வாய்க்கும் கருவிக்குமுள்ள தூரம் பாதியானால் குரலின் ஒலியழுத்தம் ஏறத்தாழ இருமடங்காகும், தொலைவிற் செல்லும் புகையிரதத்தின் ஒலியோ அவ்வளவிலேயே நிற்கும். கமரா எத்துணை சிறந்ததாயினும் அது நிற்கும் இடம் இவ்விதிக்கு மாறானது. நேரலைக்கும் இது பொருந்தும். 3 மெகாபிற் வேகத்திற் படத்தை அனுப்பின் மணிக்கு 1.35 கிகாபைற் செலவாகும். 128 கிலோபிற் ஒலிக்கு 58 மெகாபைற் போதும். இணைப்புத் தளரும்போது முதலிற் குறைக்கவேண்டியது படத்தையே. முகம் மங்கினாற் பொறுத்துக்கொள்ளும் கேட்போர், சொல் அறுந்தால் எழுந்துபோய்விடுவர்.

இம்முறை யாம் கமராவைத் தொடவில்லை. சட்டையிற் செருகும் எலெக்ட்ரெற் ஒலிவாங்கி ஒன்றை மாத்திரம் வாங்கிப் பழைய கைத்தொலைபேசியொன்றில் இணைத்தோம். கொட்டாஞ்சேனையில் துறைமுகம் நோக்கிக் கொள்கலன் லொறிகள் ஓயாது செல்லும் தெருவொன்றில், எண்பது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் வீட்டின் உள்ளறையில், கட்டில் மெத்தையைச் சுவரிற் சாய்த்து, யன்னலுக்குத் தடித்த போர்வை கட்டினோம். "என்ன பிள்ளையள், பேய் ஓட்டப்போறியளோ?" என்று அவர் சிரித்தார். பின், சிறுமியாயிருந்த காலத்தில் அயல்வீட்டு வானொலிப் பெட்டியைக் கேட்க மதிலோரம் நின்றதிலிருந்து தொடங்கி, ஒன்றேகால் மணிநேரம் பேசினார். பதிவில் லொறி ஏழுமுறை கேட்கின்றது. அந்த ஏழிடங்களிலும் அவர் கூறுவது விளங்குகின்றது.