செயற்கை மேல்தோல் சோதனை

ஒரு பொருள் தோலை உறுத்துமா என்று விலங்கின்றி அறியும் ஆய்வக முறை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு இதை 2010இல் 439ஆம் எண் வழிகாட்டியாக ஏற்றது. அதுவரை கோலோச்சியது அமெரிக்கர் ஜான் டிரெய்ஸ் 1944இல் வெளியிட்ட முறை: முயலின் மயிரை மழித்து, பொருளை இட்டு, சிவப்பையும் வீக்கத்தையும் கண்ணால் பார்த்து மதிப்பெண் போடுவது. மதிப்பெண் ஆளுக்கு ஆள் மாறியது. முயல் தோல் மனிதத் தோலைவிட எளிதில் சிவக்கவும் செய்யும். விலங்கு நலனை விட்டுப் பார்த்தாலும் அது நல்ல அளவுகோல் அல்ல.

புதிய முறையில், அறுவைச் சிகிச்சையில் மிஞ்சும் மனிதத் தோலின் கெரட்டினோசைட் செல்களைக் காற்றுப்பட வளர்த்தால், மேலே கொம்புப் படலத்துடன் அடுக்கடுக்கான திசு உருவாகும். இத்தகைய திசுக்களில் எபிஸ்கின், எபிடெர்ம் ஆகியவை விலைக்குக் கிடைப்பவை. ஒரு சதுர சென்டிமீட்டர்கூட இல்லாத அத்திசுவில் பொருளை இட்டு, எபிஸ்கினில் 15 நிமிடமும் எபிடெர்மில் 60 நிமிடமும் கழித்துக் கழுவிவிடுவார்கள். ஏறத்தாழ 42 மணி நேரத்துக்குப் பின் எம்டிடி என்னும் மஞ்சள் சாயம் சேர்க்கப்படும். உயிருள்ள செல்கள் அதை ஊதாவாக்கும். அந்த ஊதாவை ஐசோபுரோப்பனாலில் கரைத்து அளப்பார்கள். பொருள் படாத திசுவோடு ஒப்பிட்டால் 50 விழுக்காடோ அதற்குக் குறைவோ பிழைத்திருந்தால், பொருள் உறுத்தும். அரித்துப் புண்ணாக்குமா என்பதற்கு 431ஆம் வழிகாட்டி தனியே உண்டு.

சில பொருள்கள் தாமே எம்டிடியை ஊதாவாக்கி ஏமாற்றும். கொன்ற திசுவிலும் சோதித்து அந்தப் பொய் ஊதாவைக் கழிக்க வேண்டும். திசுவில் நோய் எதிர்ப்புச் செல்கள் இல்லாததால் ஒவ்வாமையை இது காட்டாது. அதற்கு 442ஆம் எண் வரிசை வழிகாட்டிகளின் சோதனைகள் உள்ளன.